மூன்று முறை போட்டுப் பார்த்த பெனால்டி

பெனால்டி தீர்ப்பைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாமா கூடாதா என்று யாராவது என்னிடம் கேட்டால், பார்க்கத்தான் வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் படம் பிடிக்கிறவள் நானாக இருக்கக் கூடாது.

பாளையம்பட்டியில் நானும் என் ஓரகத்தியும், அதாவது என் கொழுந்தனின் மனைவியும், ஒரே வளவில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம். நடுவில் ஓர் ஆள் உயரச் சுவர். அவள் மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. திருச்சுழிப் பக்கம் இருந்த புஞ்சையைப் பாகம் பிரித்ததும், இரண்டு வீட்டாரும் ஒரே வாரத்தில் ஒரே லாரியை வைத்துத்தான் தண்ணீருக்குப் போர் போட்டோம். எங்கள் பக்கம் வெள்ளைப் புழுதி பறந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நம்ம தண்ணிதான, குழாயப் போட்டு எடுத்துக்கங்க" என்றாள். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் மிளகாய் விளைகிறது. தராமல் இருந்திருந்தால் வாய்விட்டுத் திட்டியாவது ஆறியிருப்பேன்.

எங்கள் இரண்டு பெண் பிள்ளைகளும் அருப்புக்கோட்டையில் ஒரே பள்ளி, ஒரே ஒன்பதாம் வகுப்பு, இரண்டுமே கால்பந்தாட்டம். என் மகள் கோல் காப்பவள், பள்ளியில் 'கோலி' என்பார்கள். அவள் மகள் முன்னால் ஓடி அடிக்கிறவள். அந்தப் பிள்ளை ஓடினால் வெள்ளாட்டுக்குட்டி மாதிரி இருக்கும், கால் தரையில் படுகிறதா என்றே தெரியாது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "யாரு பிள்ள அது? உங்க பிள்ளையா?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். இல்லை இல்லை என்று சொல்லி என் வாய் வலித்துவிட்டது. கோல் காப்பவளை யார் கேட்கிறார்கள்?

மாவட்டப் போட்டிக்கு அணி எடுத்தபோது கடைசியாக ஒரே ஓர் இடம் மிஞ்சியது. விளையாட்டு வாத்தியார் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஒரு சனிக்கிழமை காலை ஆடவிட்டார். நல்லா ஆடுகிற ஒருத்திக்கு அந்த இடம் என்று சொல்லிவிட்டார். என் மகளும் அவள் மகளும் எதிரெதிர் பக்கம். தறிக்குப் போயிருந்த வீட்டுக்காரருக்குக் காட்டலாம் என்று நான் கோட்டோரம் நின்று போனில் படம் பிடித்தேன்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஓரகத்தி மகள் பந்தோடு தனியாக வந்தாள். என் மகள் முன்னால் பாய்ந்து விழுந்தாள். அந்தப் பிள்ளையும் குப்புற விழுந்தாள். வாத்தியார் விசில் ஊதி, "கோலி காலத் தட்டிட்டா, பெனால்டி" என்றார். "நான் தொடல சார்" என்று என் மகள் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. விழுந்தவளே எழுந்து அடித்தாள். கோல். இடம் அவளுக்கு என்று வாத்தியார் நோட்டில் எழுதிவிட்டார்.

செருப்போடு மைதானத்துக்குள் போனேன். டிவியில் பெரிய ஆட்டங்களில் நடுவர் விரலால் காற்றில் ஒரு கட்டம் போட்டுக் காட்டிவிட்டு, ஓரத்தில் வைத்திருக்கும் திரையைப் போய்ப் பார்ப்பார். என் மகள் காட்டியிருக்கிறாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நானும் அப்படி ஒரு கட்டம் போட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அதெல்லாம் டிவிலம்மா. இங்க நான் ஊதுனா ஊதுனதுதான்" என்றார் வாத்தியார்.

"உங்க கண்ணு தப்பக்கூடாதா சார்? எம் பிள்ள தொட்டிருந்தா இந்தப் போன இங்கயே உடைச்சுப் போடுறேன். ஒருக்காப் பாருங்க."

அவர் யோசித்தார். அப்போது ஓரகத்திதான் சொன்னாள்: "பாருங்க சார். அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எல்லாரும் போனைச் சுற்றி நின்றோம். வெயிலுக்குத் திரை தெரியவில்லை. அதற்கும் அவள்தான் தன் முந்தானையைக் குடை மாதிரி பிடித்தாள். சத்தத்தை முழுசாக வைத்து ஓடவிட்டேன். பந்து வந்தது, பிள்ளை ஓடி வந்தாள். கூடவே போனுக்குள்ளிருந்து ஒரு குரல், பல்லைக் கடித்துக்கொண்டு: "விழு... விழுடி... விழுந்து தொல."

என் குரல். நான் அதைச் சொன்னேன் என்பதே எனக்குத் தெரியாது. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைக்கிறேன். முந்தானை ஒரு நொடி தாழ்ந்து மறுபடி உயர்ந்தது. யாரும் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

"காலுகிட்ட சரியாத் தெரியல. இன்னொருக்காப் போடுங்க" என்றார் வாத்தியார். போட்டேன். விழு, விழுடி, விழுந்து தொல. "இன்னும் ஒரே ஒருக்கா" என்றார். இந்தத் தடவை என் மகளின் கட்டைவிரல் குறுக்கே வந்து சத்தத்தை அணைத்தது.

மூன்றாவதில் தெளிவாகத் தெரிந்தது. என் மகளின் கைக்கும் அந்தக் காலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கால் கட்டைவிரல் கரிசல் வெடிப்பில் மாட்டித்தான் அந்தப் பிள்ளை விழுந்திருக்கிறாள். வாத்தியார் நல்ல மனிதர். "கோலி தொடவே இல்ல. பந்தச் சுத்தமா எடுத்திருக்கா. ஊதுனது எந் தப்பு" என்று சொல்லி நோட்டில் பெயரை அடித்துவிட்டு என் மகள் பெயரை எழுதினார்.

நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. என் மகள் என் முகத்தைப் பார்க்காமல் போய்த் தண்ணீர் குடித்தாள். ஓரகத்தி மகள் மட்டும் நொண்டிக்கொண்டு வந்து, "பெரியம்மா, நகம் பேந்துருச்சு" என்று காலைத் தூக்கிக் காட்டினாள். சின்னதிலிருந்தே அடிபட்டால் அவள் முதலில் என்னிடம்தான் காட்டுவாள். எனக்குக் குனிய வரவில்லை. அவள் அம்மாதான் கட்டுப் போட்டாள்.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். நான் நின்று படம் பிடித்த இடத்தில் ஓரகத்தி குனிந்திருந்தாள். என் செருப்புத் தடத்திலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்தாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்கள். கண் வைத்தவர்களின் காலடி மண்ணை உப்போடும் மிளகாய் வற்றலோடும் சேர்த்துப் பிள்ளையைச் சுற்றி நெருப்பில் போடுவது எங்கள் வழக்கம். வற்றல் நெடி கிளம்பினால் கண் ஒன்றும் இல்லை. நெடியே வரவில்லை என்றால் கண் பட்டது நிஜம். இத்தனை வருடமும் அவள் முச்சந்தி மண்ணைத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரம் சுவர் ஓரம் போய் நின்றேன். அந்தப் பக்கம் நெருப்பில் உப்பு வெடிக்கும் சத்தம் கேட்டது. மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒரு நெடியும் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர்கள் வீட்டுக்குக் கேட்கட்டும் என்று நானே இரண்டு தடவை பலமாக இருமினேன்.

"ஏம்மா, நமக்கு நெடியே வரல. பெரியம்மாவுக்கு மட்டும் எப்படி இருமுது?" என்றது பிள்ளையின் குரல்.

தகர டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஓரகத்தி சொன்னாள்: "வரும்டி. இன்னும் ஒரு கை வத்தல அள்ளிப் போடு."

நெடி வந்தது. கண்ணில் நீர் கொட்ட இருமினேன், இந்தத் தடவை நிஜமாகவே. தண்ணீரைப் போல அந்த நெடியையும் அவள் கையிலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.