அடியில் இருக்கிறவருக்கு ஒரு மெழுகுவர்த்தி

இந்த வலைப்பூவில் இதுவரை அருவிக்கும் மலைக்கும்தான் வழி சொல்லியிருக்கிறேன். இந்த முறை வண்டலூரிலிருந்து தாம்பரம் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு. மொத்தம் பதினொரு கிலோமீட்டர். அதைக் கடக்க எனக்குப் பதினேழு வருஷம் ஆனது.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி நாங்கள் ஜெபிக்கும் நாள். ஜூலையில் அம்மா சாவதற்கு முந்தைய வாரம், "முட்டி போனதிலேருந்து நாலு வருஷமா உங்கப்பாவைப் போய்ப் பாக்கலடி. இந்த வாட்டி நீயாவது ஒரு மெழுகுவத்தி ஏத்திடு" என்றாள். "சரிம்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன். அப்பா மேல் பாசம் வந்து அல்ல.

அப்பா குடிப்பார், பெல்ட்டால் அடிப்பார். கடைசி நாளில் ஃபாதரை வரவழைத்தார். பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம், எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல், நற்கருணை எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது. வெளியே வந்த ஃபாதர், "ஆண்டவர் எல்லாத்தையும் மன்னிச்சிட்டாரும்மா" என்றார். அம்மா சந்தோஷத்தில் அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தழும்பு இருப்பது என் முதுகில், மன்னிப்பது ஆண்டவரா? எங்களிடம் அப்பா ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

காலை 7.40 மின்சார ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய். தாம்பரத்தில் மேற்குப் பக்கம் இறங்குங்கள். சாமந்தி முழம் நாற்பது ரூபாய். கல்லறை வாசலில் அதே பூ எழுபது. ஆட்டோவுக்கு நூற்றைம்பது கேட்டு நூற்றிருபதுக்கு ஒத்துக்கொண்டார்கள்.

"கல்லறைக்கா, அக்கா? இன்னிக்கு அங்க ஒரே கூட்டமா கீது. முனையில எறக்கி வுட்டுர்றேன், உள்ள வண்டி போவாது" என்றார் ஓட்டுநர். முனையிலிருந்து முந்நூறு மீட்டர், முந்தின நாள் மழையில் முழுக்கச் சேறு. ஷூ வேண்டாம், ரப்பர் செருப்பு போதும்.

வேப்பமரத்துக்குப் பக்கத்து வரிசை, ஐந்தாவது கல்லறை. அங்கே பளபளவென்று கறுப்பு கிரானைட்டில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. கல்லறையைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பதினாலு வருசம் ஆச்சின்னா தொறந்து வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கக்கா. வூட்டுக்கு லெட்டர் போட்டிருப்பாங்களே, வர்லியா?"

"வரல" என்றேன்.

பொய். மூன்று வருஷத்துக்கு முன்பே வந்தது. கல்லறையைப் புதுப்பிக்க ஒரு கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். கிழித்துக் குப்பையில் போட்டேன். அடுத்த அறையில் அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

"உங்கப்பா எங்கியும் போவலக்கா. அடிலதான் கீறாரு" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

கிரானைட்டுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். மேலே இருப்பது அவருடைய கணவர். "நீங்க அவரோட பொண்ணா? இதோ பாருங்க, கால்மாட்டுல ஒண்ணு எரியுது. உங்கப்பாவுக்குத்தான். வருஷா வருஷம் ஏத்துறோம். பேர் தெரியாததால 'அடியில இருக்கிறவர்'னு சொல்லித்தான் ஜெபிப்போம். பேரைச் சொல்லுங்க, ஃபாதர் மந்திரிக்க வந்துட்டார்."

இந்த ஆளுக்கு மட்டும் எல்லாம் எப்படி இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது? முன்பின் தெரியாத ஒருத்தி, என்ன செய்தார் ஏது செய்தார் என்று ஒரு கேள்வி கேட்காமல் இவருக்காக ஜெபிக்கிறாள். ஆண்டவருடைய அன்பு என்று சின்ன வயதிலிருந்து கேட்டது இதுதான் என்றால், அது எனக்குக் கசந்தது.

"அந்தோணி" என்றேன்.

ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். என் மேலும் விழுந்தது. முழங்காலில் நின்று, "ஆண்டவரே, அந்தக் கடுதாசியை மன்னியும்" என்று சொன்னேன். சொன்னதும் மனசு லேசானது. உடனே உடம்பெல்லாம் கூசியது. அம்மாவிடம் சொல்ல மூன்று வருஷம் இருந்தது. கடைசி வாரத்தில்கூட அவள் கையைப் பிடித்துக்கொண்டு "சரிம்மா" என்றுதானே சொன்னேன்? கேட்க வேண்டியவளை விட்டுவிட்டு ஆண்டவரிடம் கேட்டேன். அப்பா செய்ததும் அதுவேதான்.

ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று நம்புகிறேன். நம்பாமல் எங்கே போவேன்? ஆனால் அப்பாவை விட்டுவிட்டு என்னை மட்டும் மன்னிக்கச் சொல்லி இனி அவரிடம் கேட்க முடியாது.

போகிறவர்களுக்கு: எட்டரைக்குள் போய்விடுங்கள், அப்புறம் வரிசைக்குள் நுழைய முடியாது. காற்றுக்கு மெழுகுவர்த்தி அணைந்துகொண்டே இருக்கும், இரண்டு தீப்பெட்டி வேண்டும். கல்லறை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் வீட்டில் காட்டுங்கள்.

அப்பாவுக்கு ஏற்றியது போக, பையில் ஒரு மெழுகுவர்த்தி மிச்சம் இருந்தது. அம்மாவின் கல்லறை எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்தான், நடந்தே போகலாம். எனக்கு இன்னும் கால் எழவில்லை.