ரப்பர் டீச்சர்

முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ரப்பர் டீச்சர். தெரிந்தும் அவள் கோபப்பட்டதில்லை. கோபப்பட என்ன யோக்கியதை இருக்கிறது?

நான்காம் வகுப்பு ஆங்கிலம் அவள் பொறுப்பு. நடந்து முடிந்ததைச் சொல்ல ஸ்டாப்புக்கு இன்னொரு பி போட்டு ஈ, டி சேர்க்க வேண்டும். கேரி என்றால் ஒய்யை எடுத்துவிட்டு ஐ வைக்க வேண்டும். தொண்டை வறளக் கத்தினாலும் பாதி வகுப்பு பரீட்சையில் கண்டபடி எழுதிவைக்கும். சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தால் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்களாம். அதற்குத் தலைமையாசிரியை ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பிள்ளைகள் பென்சிலில்தானே எழுதுகின்றன? ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தப்பை அழித்து, அந்தந்தப் பிள்ளையின் கோணல் கையெழுத்திலேயே சரியாக எழுதி, முழு மார்க் போட்டுவிட வேண்டியது.

அழித்த தூள் விரலிடுக்கில் அழுக்குத் திரியாக உருளும்போது அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். படித்த படிப்புக்கு இந்தப் பிழைப்பா, தூ! பக்கத்து மேஜைக் கணக்கு டீச்சரோ பிஸ்கட்டைக் கடித்தபடி நிதானமாக மூன்றை எட்டாக்கிக்கொண்டிருப்பாள். கழுதை விட்டையில் முன் விட்டை என்ன, பின் விட்டை என்ன என்று அவளையும் தன்னையும் சேர்த்தே வைதுகொள்வாள் இவள்.

தன் மகள் இந்தச் சாக்கடையில் விழக் கூடாதென்றுதான் இரண்டு பஸ் மாறிப் போகும் வேறொரு பள்ளியில் சேர்த்திருந்தாள். அங்கே மகள் எல்லாத் தேர்விலும் முழு மார்க். நாளைக் காலை பெரிய பள்ளி ஒன்றின் நுழைவுத் தேர்வு. ஐந்தாம் வகுப்புக்கு மட்டுமே ஆள் எடுப்பார்கள். இதைக் கோட்டைவிட்டால் மறுபடி அந்தக் கதவு திறக்காது. முழு மார்க் வாங்குகிற பிள்ளைக்கு என்ன பயம் என்று அவள் தெம்பாகவே இருந்தாள்.

சாயங்காலம், "சும்மா ஒரு தடவ எழுதிப் பாத்துடலாம், வா" என்று மகளை உட்காரவைத்துச் சொற்களைச் சொல்லி, நடந்து முடிந்ததாக எழுதச் சொன்னாள். மகள் ஸ்டாப் என்று எழுதி, கொஞ்சம் இடம் விட்டு, ஈ, டி போட்டாள். கேரியில் ஒய்யை எடுத்துவிட்டு ஐ வைக்க வேண்டிய இடம் காலி.

"என்னடி இது, பல்லு விழுந்த வாய் மாதிரி?"

"சந்தேகமா இருந்தா இடம் விட்டுடணும்மா. அழிச்சு அழிச்சு தாள் கிழியுதுன்னு எங்க மிஸ் சொல்லிட்டாங்க. மிச்சத்த அவங்களே போட்டுக்குவாங்க."

 அந்த மிஸ்ஸை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க அவள் போனை எடுத்தாள். என்னவென்று கேட்பது? எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது? வாய் வரை வந்த வசவெல்லாம் தனக்கே பொருந்தித் தொலைத்தது. அந்த மிஸ்ஸைவிடத் தன் மேல்தான் அதிகம் அருவருப்பாக இருந்தது. போனை வைத்துவிட்டாள்.

"உனக்கு நிஜமாவே தெரியாதாடி? ஒண்ணுகூடவா தெரியாது?"

மகள் தான் காலியாக விட்ட இடங்களைப் பார்த்தாள். 

"ஏம்மா, நாளைக்கு அங்க எந்த மிஸ் போடுவாங்க?"