நல்லூர் வாசலில் கழற்றாத சட்டை

என் நெஞ்சின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. பிறவியிலேயே வந்தது, வளர வளர ஆழமானது. சட்டை போட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். அதனால் முருகனைப் பல வருடங்களாக வீதியில் நின்றே கும்பிட்டேன். குருநகரில் அலுவலக நண்பனின் தேவாலயத் திருநாளுக்கு மட்டும் சந்தோஷமாகப் போவேன். அங்கே சட்டையோடு உள்ளே போகலாம்.

கல்யாணம் பொருந்தி வந்தபோது பயந்துபோனேன். கல்யாணத்தன்று பாலறுகு வைக்கும் சடங்கில் மாப்பிள்ளையை வெறும் மேலோடு இருத்தி, சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து தலையில் பாலும் அறுகும் வைப்பார்கள். வழிகிற பால் பள்ளத்தில் தேங்கி நிற்கும். வீடியோக்காரர் கிட்டே வந்து அதை எடுப்பார். அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவள் என்னை அப்படிப் பார்ப்பதை நினைக்கவே உடம்பு கூசியது.

யாழ்ப்பாணத்தில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் போனேன். ஸ்கான் எல்லாம் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

“நெஞ்செலும்புக்குக் கீழை வளைஞ்ச கம்பி ஒண்டு வைச்சு நிமித்தலாம் தம்பி. அது ரெண்டு மூண்டு வருசம் உள்ளுக்கை கிடக்கும். உங்கடை வயதிலை நோவு கூடவா இருக்கும். இல்லாட்டி நெஞ்சைத் திறந்து குருத்தெலும்பை வெட்டிச் சரிப்படுத்தலாம். வெறும் வடிவுக்கெண்டால், பள்ளத்தின்ரை அளவுக்குச் சிலிக்கோன் துண்டொண்டு செய்து தோலுக்குக் கீழை வைக்கலாம். இதயமும் சுவாசப்பையும் நல்லாத்தான் இருக்கு. செய்யிறதோ விடுறதோ உங்கடை விருப்பம்.”

சிலிக்கோன் என்று வாய்திறக்க எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. கொழும்பில் நாள் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அந்தச் சத்திரசிகிச்சை இன்றுவரை நடக்கவில்லை. அதற்குக் காரணம் பெண்ணின் தகப்பனார்.

அந்த வாரமே அவர் கரவெட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். என்னை வெளிவாசல் படலையடிக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, குறை நினையாதையும். நீர் வேதத்துக்கு மாறிட்டீரோ?”

எங்கள் பக்கத்தில் வேதம் என்றால் கிறிஸ்தவம். நான் திகைத்துப்போனேன்.

“சேர்ச்சிலை கண்டதெண்டு சொல்லுகினம். கோயிலுக்குள்ளை கண்டதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அப்பிடியெண்டால் இந்தப் பேச்சை விடுவம். பிள்ளை ரெண்டு நாளாச் சாப்பிடாமல் கிடக்கிறாள்.”

“ஐயோ, மாறேல்லை ஐயா.”

“அப்ப நாளைக்கு என்னோடை நல்லூருக்கு வாரும்.”

மறுநாள் நல்லூர் வாசலில் அவரோடு நின்றேன். திரும்பிப் போனால் கல்யாணம் இல்லை. பொத்தான்களைக் கழற்றினேன். அவர் என் நெஞ்சைப் பார்த்தார். பிறகு தன் சட்டையையும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார்.

உள்ளே முழுவதும் வெறும் மேல்கள். சரிந்த வயிறுகள், பைபாஸ் வெட்டின நீளத் தழும்பு, ஷெல் துண்டு பட்டுக் குழிந்த முதுகு. வீதியில் நின்றே கும்பிட்டவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நெஞ்சில் திருநீறு பூசினேன். விரல்கள் பள்ளத்தில் இறங்கி ஏறின. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்து சட்டை போட்டதும், இனிப் பள்ளத்தைப் பற்றிக் கேட்பார் என்று காத்து நின்றேன். அவர் கைத்தொலைபேசியை எடுத்து, வீதியில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி மகளோடு கதைத்தார்.

“ஓம் பிள்ளை, எழும்பிச் சாப்பிடு. ஆள் சைவம்தான்.”