குளத்தங்கரை மணலில் பதினேழு மான்கள்

1941-இல் வேட்டைக்காட்டுக்குப் புது அதிகாரியைத் தேர்ந்தெடுக்க மூன்று பேரை அழைத்தார்கள். காட்டுக் காவலர் அடைக்கலமும் அதில் ஒருவர். பழைய அதிகாரி இறந்தபின் இரண்டு வருஷமாகக் காட்டைக் கவனித்து வந்தவர் அவர்தான். பதவி தனக்கே வரும் என்று நம்பியிருந்தார்.

“காட்டில் மான் எத்தனை?” என்று கேட்டார்கள். மற்ற இருவரும் நானூறு, ஐநூறு என்றார்கள்.

சாயங்காலம் குளத்தங்கரை மணலைக் கூட்டிவிட்டு, விடிந்ததும் குளம்புத் தடங்களை எண்ணுவது அடைக்கலத்தின் வழக்கம். “இன்னைக்குத் தண்ணிக்கு வந்தது பதினேழுங்க. மத்தது தெரியாதுங்க” என்றார்.

“தெரியாதுன்னு சொல்ல ஒரு அதிகாரியா?” என்று கேள்வி கேட்டவர்களில் ஒருவர் சிரித்தார். ஐநூறு சொன்னவருக்கு வேலை கிடைத்தது.

“நீங்களும் ஆயிரம்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?” என்றாள் மனைவி சிலம்பாயி.

“எண்ணிக் காட்டுன்னா எங்கிட்டுப் போறது?” என்றவர், பொழுது சாயுமுன் விளக்குமாற்றோடு குளத்துக்குக் கிளம்பினார்.