குதிரையா, நேர்த்தியா, நூலா, எண்ணெயா

போர் ஓய்ந்ததுபோலப் பாசாங்கு காட்டிய ஆண்டுகளில் திருகோணமலைக் கடற்கரைக்கு ஒரு மட்டக்குதிரை வந்தது. ஊனமுற்ற பிள்ளைகளுக்கு உதவவென்று வந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி அதை எங்கோ வாங்கியிருந்தாள். என் மகனுக்கு ஓட்டிசமாம். ஒன்பது வயதாகியும் ஒரு சொல் பேசாதவன், குதிரையில் ஏற்றினால் வாய் திறப்பானாம்.

எனக்கு நம்பிக்கையில்லை. சும்மா தருகிறவர்கள் மீது அப்போது எனக்குச் சந்தேகம்தான்.

"ஆர் செய்து பாத்தது? எத்தினை பிள்ளையளுக்குச் சரிவந்தது?" என்று கேட்டேன்.

"நல்லது, மிகவும் நல்லது" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிறகுதான், அவளிடம் இருந்த பதிலும் அவ்வளவுதான் என்று விளங்கியது.

ஆனாலும் கூட்டிப்போனேன். காரணம் சென்றி, ஆமியின் சோதனைச்சாவடி. ஆமிக்காரன் பெயர் கேட்டால் இவன் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டான். ஒருமுறை ஒரு ஆமிக்காரன் இவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். நான் அவன் காலில் விழுந்தேன். இன்னும் ஐந்தாறு வருடத்தில் என் மகன் இளந்தாரியாகிவிடுவான். அப்போது என் அழுகைக்கு யார் இரங்குவார்கள்?

பயத்தில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கோணேசருக்கு நேர்த்தி வைத்தேன். கிண்ணியாவில் மௌலவியைக் கொண்டு ஓதி நூல் கட்டுவித்தேன். நாட்டுவைத்தியரின் எண்ணெயைத் தலையில் தேய்த்தேன். எல்லாம் ஒரே மாதத்தில்தான்.

ஒரு காலை குதிரை மணலில் நின்றுவிட்டது. மேலே இருந்தவன் அதன் கழுத்தைத் தட்டி, "போ" என்றான். நான் அங்கேயே குந்தியிருந்து அழுதேன். அடுத்த நிமிடமே, இதைச் சென்றியில் சொல்லித் தொலைப்பானோ என்ற பயமும் பிடித்துக்கொண்டது.

செய்தி கிளிவெட்டிவரை போய்விட்டது. அங்கிருந்து ஒரு தாய், பிள்ளையை விட்டுவிட்டுத் தனியே லோஞ்ச் படகேறி வந்தாள்.

"அக்கா, எதாலை கதைச்சவன்? என்ரை பிள்ளை ஆமியைக் கண்டால் கத்துவாள். அவளைக் கொண்டு இத்தினை சென்றி தாண்டுறதெண்டால் வீணாப் போகக்கூடாது."

"தெரியாது தங்கச்சி. நாலையும் ஒண்டாச் செய்தனான்."

"எத்தினை பிள்ளையளுக்குச் சரிவந்தது?"

"என்ரை பிள்ளைக்குச் சரிவந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

நான் எதையோ மறைக்கிறேன் என்பதுபோல் பார்த்தாள். அந்த வெளிநாட்டுக்காரியை நான் பார்த்ததும் இதே பார்வைதான்.

அவள் பிள்ளையைக் கொண்டுவரவேயில்லை. குதிரைதான் காரணமென்றால் அந்தப் பிள்ளையின் பேச்சை நான் கெடுத்துவிட்டேன். இல்லையென்றால் அவளைச் சென்றிகளிலிருந்து காப்பாற்றினேன். எதுவென்று எனக்குச் சொல்ல, எங்கள் ஊரில் ஒருவரும் முறையாகச் செய்து பார்க்கவில்லை.