செராஸும் நாங்களும் சேர்ந்து எழுதிய கதை

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி நூலகத்துக்குப் பொறுப்பாசிரியை நான். செராஸ் என்ற வேறோர் ஊர்ப் பள்ளியின் நூலக ஆசிரியையிடம் அந்தக் கோபத்தை ஒருமுறை கொட்டித் தீர்த்தேன். எல்லாம் ஒரு கதையால் வந்த வினை. இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து எழுதட்டும் என்று ஆன்லைனில் ஒரு கோப்பைத் திறந்து பகிர்ந்துகொண்டோம். செவ்வாய்க்கிழமை நாங்கள் எழுதுவோம். வியாழக்கிழமை அவர்கள் தொடர வேண்டும்.

என்னைவிட ஆவலாக இருந்தவள் ஐந்தாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி. அப்பாவுக்குக் கிள்ளான் பக்கம் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் செராஸ் பள்ளியிலிருந்து எங்களிடம் மாறி வந்தவள். அவளுடைய உயிர்த்தோழி இன்னும் அங்கேதான் படித்தாள். இருவர் கையிலும் போன் கிடையாது. தமிழ்த் தட்டச்சில் ஒவ்வோர் எழுத்தையும் நாக்கைக் கடித்துக்கொண்டு தேடித் தேடி அடிப்பாள். தோழி படிப்பாளே!

அடுத்த செவ்வாய் திறந்தால் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. மறுபடி எழுதினோம். அதற்கடுத்த வாரமும் காணோம். விடுவேனா நான்? அங்கேயே நின்று செராஸுக்குப் போன் போட்டேன்.

"டீச்சர், உங்க பிள்ளைங்க எங்க கதைய அழிக்கிறாங்க லா!"

"ஐயோ, நல்லா இருக்கே! எங்களுக்குந்தான் வெறும் பக்கமா வருது. அழிக்கிறது உங்க ஆளுங்க!"

கொஞ்ச நேரம் கத்திவிட்டுப் போனை வைத்தேன். திரும்பினால் அந்தச் சிறுமி கண் நிறையத் தண்ணீரோடு நிற்கிறாள்.

"அவதான் டீச்சர் அழிக்கிறா. சொல்லாம ஸ்கூல் மாறி வந்துட்டேன்ல, அந்தக் கோவம். இனிமே நான் எழுத மாட்டேன்."

எனக்கு மனசே கேட்கவில்லை. அப்போது புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த டூட்டி மாணவி அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்.

"நான்தான் டீச்சர் அழிச்சேன். டூட்டின்னா போர்டை அழிச்சிட்டுத்தானே போகணும்? அடுத்து வர்றவங்களுக்குச் சுத்தமா இருக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க!"

முகத்தில் என்ன பெருமை! திட்ட வாய் வரவில்லை. மறுபடி செராஸுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்த டீச்சர் தன் பிள்ளைகளைக் கேட்டார். அங்கேயும் ஒரு டூட்டி மாணவி வியாழன்தோறும் எங்களுக்கு அதே மரியாதையைச் செய்திருந்தாள். இருவரும் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தோம்.

நல்லவேளை, அந்தக் கோப்பில் அழித்ததைத் திரும்பக் கொண்டுவரலாம். கொண்டுவந்தேன். செராஸ் பிள்ளைகள் எழுதியதில் தோழியின் பெயரோடு சில வரிகள் இருந்தன: 'ஒரு எலி கிள்ளானுக்குப் போயிடுச்சு. திரும்பி வருமா?' அடுத்த வாரத்தில், 'எலி ஏன் ஒண்ணும் எழுதல? என்மேல கோவமா?'

"எலின்னா நான்தான் டீச்சர்," என்று சிறுமி விசும்பினாள். "அவ மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவா."

"டீச்சர், அந்தப் பிள்ளைய இப்பவே கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வைங்க," என்றேன் போனில். சற்று நேரத்தில் பக்கத்தின் அடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

'ஏய் எலி, இருக்கியா?'

தட்டச்சு செய்ய வேண்டும் என்பதே எங்கள் சிறுமிக்கு மறந்துபோய்விட்டது. திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நூலகமே அதிர, "இருக்கேன்டி!" என்று கத்தினாள்.