பாவு முடியட்டும்

இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில், ஆரணியில் என் பேரில் இருந்த வீட்டை விற்று, ஏஜென்டுக்குப் பணம் கட்டி, குடும்பத்தோடு மலேசியா போக என் கணவர் முடிவெடுத்தார். என் தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பட்டு நூல் பாவில் இன்னும் இரண்டு புடவை பாக்கி. நடுவில் தறியைப் பிரித்தால் அத்தனை நூலும் வீண்.

“ஏஜென்ட் பேஜார் பண்ணிகினு இருக்கான். ஜல்தி வந்து கையெழுத்து போடு” என்றார்.

“பாவு முடியட்டும். அதுவரிக்கும் போட மாட்டேங்க” என்றேன்.

கோபத்தில் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் பாட்டுக்கு நெய்தேன். கடைசிப் புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்த அன்று, ஏஜென்ட் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டதாகச் சேதி வந்தது. பணம் கட்டியவர்கள் பூட்டின் முன்னால் நின்றார்களாம்.

இப்போதெல்லாம் எதற்காவது யாராவது அவசரப்படுத்தினால், தறியில் புதுப் பாவு ஏற்றிவிடுகிறேன். அது முடிந்த பிறகுதான் பதில்.